ஈஸ்டர் வார இத்தாலிப் பயண ஒருங்கிணைப்புக் குழு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெரிய காரியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. சரித்திரம் இதை இன்னும் கவனிக்கவில்லை. சரித்திரத்துக்கு ஆயிரம் வேலை. ஆகவே, அந்தக் காரியத்தில் செயலாளராகப் பணியாற்றும் பாக்கியம் பெற்றவன் என்ற முறையில் நானே அதைச் சொல்லிவைக்கிறேன்.

காரியம் இதுதான்: என் அக்காவை ஈஸ்டர் வாரத்தில் இத்தாலிக்கு அழைத்துப் போவது.

இதில் என்னய்யா பெரிய சரித்திரம் என்று கேட்பவர்கள் என் அத்தானை அறியாதவர்கள். அத்தான் ஒருங்கிணைப்புத் துறையில் துணை இயக்குநர். அந்தத் துறை எதை ஒருங்கிணைக்கிறது என்று நானும் பல வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "பல விஷயங்களை" என்பார். எதோடு என்று கேட்டால், "மற்ற பல விஷயங்களோட" என்பார். அவருடைய அலுவலக மேசையில் மூன்று தொலைபேசிகள் உண்டு. ஒன்றில் பேச ஆரம்பித்தால் மற்ற இரண்டின் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்துவிடுவார். தொந்தரவு இல்லாமல் ஒருங்கிணைக்க வேண்டும் அல்லவா.

அக்காவுக்கும் தொலைபேசியோடுதான் பிழைப்பு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வருகிற அழைப்புகளை வாங்கி, டாக்டருக்கோ வார்டுக்கோ இணைப்புக் கொடுக்கிற வேலை. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, ஒரு சுழல் நாற்காலி, காதில் ஹெட்போன். ஊரார் அழுவதையும், கத்துவதையும், "எங்கப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா" என்று நடுங்குவதையும் இருபது வருஷத்துக்கு மேலாகப் பொறுமையாகக் கேட்டவள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவளுடைய வலது காது போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் ஓய்வு பெற்றுவிட்டது. இடது காதும் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

"அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் காது டாக்டர். "கேக்கணும்னு ஆசைப்பட்டது ஏதாவது இருந்தா, சீக்கிரம் கேட்டுடுங்க."

நான்தான் கூடப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து, அக்கா கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அத்தானிடம் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு இத்தாலிக்குப் போய் ஈஸ்டர் மணி கேக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து அக்கா வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே படுத்திருந்த ஒரு நோயாளியைக் கேட்டு இத்தாலியிலிருந்து ஓர் அழைப்பு வந்ததாம். வார்டில் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா லைனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். திடீரென்று அந்தப் பக்கத்தில் மணிச் சத்தம். ஒரு மணி அல்ல, ஊரில் இருக்கிற அத்தனை மணியும். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தி, "வியாழக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஒரு மணிகூட அடிக்கல. ஈஸ்டர் வந்தாத்தான் எல்லாம் ஒண்ணா அடிக்கும். இந்தாங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாராம்.

"யாருன்னே தெரியாதுடா தம்பி" என்று அக்கா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "முன்ன பின்ன தெரியாத ஆளு. எனக்காகக் கையை வெளியே நீட்டிட்டு நின்னாரு."

அன்றைக்கு அவள் கேட்டது வலது காதால்.

அத்தான் கல்நெஞ்சக்காரர் அல்லர். இதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வரும். அவர் செய்தித்தாளை மடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். "அவ்வளவுதானே? போயிட்டு வந்துட்டாப் போச்சு" என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு அவர், "ஆனா முறைப்படி செய்வோம்" என்றார்.

முறைப்படி என்றால் குழு. 'ஈஸ்டர் வார இத்தாலிப் பயண ஒருங்கிணைப்புக் குழு' அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே உதயமானது. அத்தான் தலைவர். அவர்கள் வீட்டு மாடி அறையில் ஒண்டிக்கொண்டிருப்பதாலும், மறுத்துப் பேசினால் அந்த அறையும் ஒருங்கிணைக்கப்பட்டுவிடலாம் என்பதாலும், நான் செயலாளர். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள், எனக்கு மருமகள் முறை, 'தொழில்நுட்பப் பிரிவு'. தூங்கும்போதுகூட இரண்டு காதிலும் பாட்டுக் கருவியைச் செருகியிருப்பவள் என்பதே அவளுடைய தகுதி. நான்காமவர் கீழ்வீட்டுக்காரர்.

கீழ்வீட்டுக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அவருக்கு 'இத்தாலிக்காரர்' என்று பெயர். ஏனென்றால் இந்தத் தெருவிலேயே இத்தாலிக்குப் போய்வந்தவர் அவர் ஒருவர்தான். வேறெங்கோ போகும் வழியில் விமானம் மாறுவதற்காக ஒரு மத்தியானப் பொழுது அங்கே விமான நிலையத்துக்குள் காத்துக் கிடந்தார். வெளியே விடவில்லை. ஆனாலும் கூர்மையாகக் கவனித்திருந்தார்.

"இத்தாலில மழை உண்டா சார்?" என்று முதல் கூட்டத்தில் அத்தான் கேட்டார்.

"நான் இருந்தப்போ ஒரு சொட்டு விழல."

"மக்கள் எப்படி?"

"பாதிப் பேரு தூங்கிட்டிருப்பாங்க. மீதிப் பேரு பெட்டியை இழுத்துட்டு ஓடிட்டே இருப்பாங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க. சுறுசுறுப்பான இனம்."

"வெயில்?"

"நாடு முழுக்க ஏசி."

அத்தான் என்னைப் பார்த்தார். "செயலாளர் எழுதிக்கிட்டீங்களா? கம்பளிச் சட்டை அவசியம்."

அக்காவைக் குழுவில் சேர்க்கவில்லையா என்று நான் கேட்டேன். அத்தானுக்கு என் அறியாமையைக் கண்டு வருத்தம்.

"மாப்ளே, அவ பயனாளி. பயனாளி குழுவுல இருக்கக் கூடாது. நடுநிலைமை கெட்டுப்போகும்."

எவ்வளவு உயர்ந்த கொள்கை! அதன்படி பயனாளி அடுப்படியில் இருந்து குழுவுக்கு டீ போட்டாள்.

அடுத்து, தேதி. இங்கேதான் அத்தானுடைய துறையின் தனிச்சிறப்பைச் சொல்ல வேண்டும். அங்கே எதையும் புதிதாக எழுதுகிற வழக்கம் கிடையாது. போன வருஷக் கோப்பை எடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றுவார்கள். நேரமும் மிச்சம், மூளையும் மிச்சம். இந்த முறையின் கீழ், காலமாகிவிட்ட ஓர் இயக்குநர் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு விழாக்களுக்குத் தலைமை தாங்கிச் சிறப்பித்திருக்கிறார். யாரும் குறை சொன்னதில்லை. உரை சுருக்கமாக இருந்ததாகப் பாராட்டுதான்.

அதே முறையில் அத்தான் போன வருஷ நாள்காட்டியைப் புரட்டி, "ஈஸ்டர், ஏப்ரல் மூணாவது வாரம்" என்று அறிவித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

டீயோடு வந்த அக்கா அப்படியே நின்றாள்.

"ஏங்க, ஈஸ்டர் வருஷா வருஷம் ஒரே தேதியில வராது. இந்த வருஷம் ரெண்டு வாரம் முன்னாடியே வருது."

"மாறுமா?" அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு மாத்துறது? எந்த உத்தரவுப்படி?"

"நிலாவைப் பாத்து மாத்துவாங்களாம்."

"நிலாவைப் பாத்தா?" அவர் குழுவைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியெல்லாம் ஒரு விழாவை நடத்த முடியுமா? நிர்வாகம்னு ஒண்ணு வேண்டாமா? சார், நீங்க இருந்தப்போ நிலா ஏதாவது?"

"சத்தியமா பாக்கல" என்றார் இத்தாலிக்காரர்.

"அத்தான், அக்கா சொல்றது சரிதான் போலிருக்கு. புது நாள்காட்டியில ஒரு தடவை பாத்துட்டா..." என்று நான் இழுத்தேன்.

"செயலாளர் எழுதணும். கருத்துச் சொல்லக் கூடாது."

அக்கா அதை மறுபடி ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தள்ளுபடி ஆனது. பிறகு புது நாள்காட்டியையே ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். அன்றைக்கு அத்தான் டிக்கெட் வாங்கிவிட்டு, மாலை போடாத குறையாக வந்து உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுக்கவோ தேதி மாற்றவோ முடியாத வகை டிக்கெட். அந்த வகையில்தான் உறுதி இருக்கிறது என்பது அவர் கருத்து.

அவர் நாள்காட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். 'தப்புப் பண்ணிட்டேன்' என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அவரைக் கோவில் கட்டிக் கும்பிட்டிருப்பாள். ஆனால் ஒரு குழுவின் தலைவர் மேல்கொண்டு யோசிக்காமல் அப்படியெல்லாம் பேசிவிட முடியாது.

"இதுல ஒரு நன்மை இருக்கு" என்றார். "எல்லாரும் ஈஸ்டருக்குப் போய் முட்டி மோதிட்டு வந்துடுவாங்க. நாம நிதானமா அப்புறம் போறோம். கூட்டமே இல்லாத ஈஸ்டர் வாரம்! இந்த யோசனை யாருக்காவது வந்திருக்கா?"

"பிரமாதம். உக்கார நாற்காலி கிடைக்கும்" என்றார் இத்தாலிக்காரர். அந்த மத்தியானம் அவருக்கு நாற்காலி கிடைக்காத ஏக்கம் இன்னும் தீரவில்லை.

"மணி?" என்று கேட்டாள் அக்கா.

"மணி எங்கம்மா போயிடப் போகுது? அங்கேயேதானே தொங்கிட்டு இருக்கும்!"

அக்கா தலையை லேசாகத் திருப்பி, வலது காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அத்தான் பேசியதெல்லாம் அந்தக் காதுக்குத்தான் போனது. அவருக்கு அது தெரியவில்லை. தன் பேச்சை அவள் இவ்வளவு அமைதியாகக் கேட்டது கிடையாது என்று என்னிடம் சந்தோஷப்பட்டார்.

விசா விஷயத்தில் மட்டும் குழு தலையிடவில்லை. பயனாளிகள் அவரவர் விசாவை அவரவரே வாங்க வேண்டும் என்று முன்பே தீர்மானம் போட்டாகிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தானே போய் வாங்கிவந்தாள். விசா சரியான தேதிகளுக்கு வந்திருந்தது. குழு சம்பந்தப்படாத காரியங்களில் இப்படிச் சில அபூர்வங்கள் நடப்பதுண்டு.

இனி ஒத்திகைகள். முன்னேறிய நாடுகளில்கூட ஒரு குடும்பம் சுற்றுலாவுக்கு இப்படி ஒத்திகை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொருள்.

முதலில் வரிசை. இத்தாலியில் அருங்காட்சியகங்களில் வரிசை நீளம் என்பதால், படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில் நாங்கள் வரிசையில் நின்று பழகினோம். குளியலறைதான் அருங்காட்சியகம். மருமகள் வாசல் காவலாளி. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யார் என்ன கேட்டாலும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அசல் காவலாளிகளே தோற்றுப்போவார்கள். அவசரமாக உள்ளே போக வேண்டியிருந்த இத்தாலிக்காரர் கடைசியில் தன் வீட்டு அருங்காட்சியகத்துக்கே ஓடிவிட்டார்.

அடுத்து ஜேப்படித் தடுப்பு. நான் திருடன். கூட்டத்தில் இடிப்பதுபோல் இடித்து, அத்தானின் சட்டைப்பையிலிருந்து பேனாவையும், அடையாள அட்டையையும், மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். அவர் அசையவில்லை. "பாத்தியா மாப்ளே, ஒண்ணும் பண்ண முடியலல்ல?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நான் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். கண்ணாடி இல்லாததால் அவருக்கு அவை தெரியவில்லை. 'திருட்டு முயற்சி முறியடிக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

பிறகு சாப்பாடு. முள்கரண்டியில் நூடுல்ஸைச் சுற்றப் பழகினோம். அத்தான் சுற்றிய வேகத்தில் அது இத்தாலிக்காரரின் கழுத்துவரை போனது. "அங்கேயும் இப்படித்தானா சார்?" என்று அத்தான் கேட்டார். "நான் பிஸ்கட் மட்டும்தான் சாப்பிட்டேன்" என்றார் அவர், கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

இவ்வளவு அமர்க்களத்திலும் அக்கா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு சாயங்காலம் அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து நின்றாள். பால் பொங்குகிற சத்தம் முன்பெல்லாம் அவளுக்குக் கூடத்தில் இருந்தாலும் கேட்கும்.

நான் அடுப்பை அணைத்தேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன்.

"இந்தப் பக்கம் வா தம்பி" என்று இடது பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். "என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லக்கா. பால் பொங்கிடுச்சு."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "இனிமே தள்ளிப்போட முடியாது" என்றாள். பாலைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறன்று ஒத்திகைகளுக்கெல்லாம் மகுடமான ஒத்திகை நடந்தது: புறப்பாடு. கூடம் விமான நிலையம். சோபா விமானம். மருமகள் பெட்டி எடை போடுகிற கவுண்டர். இத்தாலிக்காரர் குடியேற்ற அதிகாரி. அனுபவம் உள்ள துறை என்பதால் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தான் மேற்பார்வை. நான் சுமைதூக்கி.

"பயனாளி வரலாம்!" என்று அத்தான் குரல் கொடுத்தார்.

படுக்கையறைக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். நல்ல புடவை, மேலே கம்பளிச் சட்டை, காலில் புதுச் செருப்பு, கையில் உருட்டுப் பெட்டி, தோளில் பை. நாங்கள் வாயைப் பிளந்தோம். நாங்களெல்லாம் வீட்டு உடையில், வெறும் தலையணையைப் பெட்டி என்று வைத்துக்கொண்டு நின்றோம்.

"பாருங்கய்யா, பாருங்க!" அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுக்குப் பேரு ஈடுபாடு!"

மருமகள் தலையைத் தூக்காமல் பெட்டியை வாங்கி வைத்துக் கொடுத்தாள். அக்கா அவள் கன்னத்தை ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள். "என்னம்மா?" என்றாள் அவள். "ஒண்ணுமில்ல, பாட்டுக் கேளு" என்றாள் அக்கா.

குடியேற்ற அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"பயணத்தோட நோக்கம்?"

"மணி கேக்க."

"எத்தனை நாள்?"

"ஒரு பத்து நாள்."

"கூட யாரு வர்றாங்க?"

"யாரும் இல்ல. தனியா."

"தடுமாறாம சொல்றா பாத்தீங்களா!" என்று அத்தான் கை தட்டினார். இத்தாலிக்காரர், குடியிருப்போர் சங்கத்து ரப்பர் முத்திரையைத் துண்டுக் காகிதத்தில் குத்தி மரியாதையாகக் கொடுத்தார். அக்கா அதையும் வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

பிறகு அத்தானுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, நான் போயிட்டு வரேன். டிக்கெட் என் சம்பளத்துல வாங்கிட்டேன். நிசமாத்தான் சொல்றேன். இப்போ கிளம்புறேன்."

"ஆகா!" என்றார் அத்தான். "குரல் தழுதழுக்குது பாருங்க. அசலா இருக்கு. ஆனா சோபா இந்தப் பக்கம்மா, வாசல் பக்கம் போறே."

அக்கா வாசல் பக்கம்தான் போனாள். சுமைதூக்கி என்ற முறையில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பெட்டி கனத்தது. படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே நிஜமான டாக்சி நின்றது. டிரைவர் இறங்கி நிஜமாகவே பின்கதவைத் திறந்தார்.

"அக்கா..."

"இடது பக்கம் வந்து சொல்லு."

நான் சுற்றிக்கொண்டு போனேன். "பத்திரமா போயிட்டு வாக்கா" என்றேன்.

"நான் கேட்டப்புறம் போன் பண்றேன். எல்லாருக்கும் கேக்க வெக்கிறேன்" என்றாள். கதவு சாத்தியது. டாக்சி தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மேலே போனபோது கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"அத்தான், அக்கா போயாச்சு."

"அருமை! எப்போ மேல வர்றா?"

"பத்து நாள் கழிச்சு."

"இவ்வளவு நேரம் ஒத்திகை தேவையில்லையே" என்றார் அத்தான்.

அவருக்கு விஷயம் புரிந்தபோது இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாகிவிட்டது. வைத்தவர் அவரே. வேறு யாரும் வைக்காததால்தான் புரிந்தது.

ஒரு சாதாரணக் கணவன் என்ன செய்திருப்பான்? கத்தியிருப்பான். அல்லது அடுத்த விமானத்தில் ஓடியிருப்பான். அத்தான் அப்படித் தரம் தாழ்ந்து போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவசரக் கூட்டம் போட்டார். அவசரம் என்றாலும் ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

அந்த ஞாயிறுதான் ஈஸ்டர். நாள்காட்டியின் ஈஸ்டர்; குழுவின் ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

காலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். டீ இல்லை. நிகழ்ச்சி நிரல் நீளமாக இருந்தது. முதலாவது, இறைவணக்கம். இரண்டாவது, 'பயனாளியின் அனுமதியற்ற பயணம் குறித்து வருத்தம் தெரிவித்தல்'. அப்புறம் கம்பளிச் சட்டை, காலியாகிவிட்ட ஓர் இருக்கையில் இத்தாலிக்காரரை அழைத்துப் போகலாமா என்பது, இப்படி வரிசையாக. ஏழாவதாக, 'மணி'.

இரண்டாவது நடந்துகொண்டிருக்கும்போது அத்தானின் செல்போன் ஒலித்தது. அக்கா. குழுவுக்கு வரும் அழைப்புகளை எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று எப்போதோ தீர்மானம் போட்டிருந்தார். போட்டார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காற்று. யாரோ குழந்தைகள் ஓடுகிற சத்தம். பிறகு ஒரு மணி, எங்கோ தூரத்தில், ஒரே ஒரு தடவை. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று. அவ்வளவுதான், அப்புறம் எதையும் எண்ண முடியவில்லை. பெரியதும் சின்னதுமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு, ஊரே அடித்தது. மேசைமேல் இருந்த செல்போன் அதிர்ந்து, பேனாவை உருட்டிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்காவின் குரல். "கேக்குதா? ஏங்க, கேக்குதா? கையை மேல தூக்கிப் பிடிச்சிருக்கேன், கேக்குதா?"

மருமகள் ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

"ஒண்ணும் கேக்கல!" என்று அத்தான் செல்போனை நோக்கிக் கத்தினார். "பின்னால யாரோ பாத்திரம் உடைக்குறாங்க! சத்தம் இல்லாத இடமாப் போய்ப் பேசு!"

"இத்தாலில இப்படிச் சத்தம் கிடையாதே" என்று இத்தாலிக்காரர் புருவத்தைச் சுருக்கினார். "நான் இருந்தப்போ அறிவிப்பு மட்டும்தான் வரும். வேற எங்கேயாவது போயிட்டாங்களா?"

"கேக்குதா?" என்றாள் அக்கா. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அத்தானின் விரல் செல்போனை நோக்கிப் போனது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அத்தான், வேணாம்! அதுதான் மணி!"

"எந்த மணி?"

"அக்கா கேக்கப் போன மணி!"

அத்தான் என்னை மிகுந்த பொறுமையோடு பார்த்தார். "மாப்ளே, மணி ஏழாவது. இப்போ ரெண்டாவது நடக்குது." என் கையை மெல்ல விலக்கிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

கூடம் அமைதியானது. மருமகளைப் பார்த்து, "கூட்டத்துல கவனம் இருக்கட்டும்" என்றார். அவள் கருவியை மறுபடி காதில் செருகிக்கொண்டாள். வருத்தத் தீர்மானம் நிறைவேறியது.

நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய் என் செல்போனில் கூப்பிட்டேன். மணிகள் ஓய்ந்துவிட்டிருந்தன.

"கேட்டியா தம்பி?"

"கேட்டேன்க்கா. நல்லாக் கேட்டுது."

"அவரு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "கூட்டத்துல இருக்காருக்கா."

"சரி விடு" என்றாள். "நான் கேட்டுட்டேன். இந்த ஒரு காதே போதும்டா, ரொம்பிடுச்சு."

கீழே இறங்கி வந்தபோது கூட்டம் ஏழாவது பொருளுக்கு வந்திருந்தது. 'மணி குறித்து இதுவரை எந்தத் தகவலும் வரவில்லை' என்று பதிவு செய்துவிட்டு, தலைவருக்கு நன்றி சொல்லிக் கூட்டம் இனிதே முடிந்தது. எங்கள் குழுவின் சாதனையை இதற்கு மேல் நான் புகழ வேண்டியதில்லை. ஒரே ஒரு மனத்தாங்கல்தான் எனக்கு, அதுவும் அந்தக் காது டாக்டர் மேல். நல்ல கைராசிக்காரர் என்கிறார்கள். ஆனால் இந்த வீட்டிலிருந்து தப்பான ஆளை நான் அவரிடம் அழைத்துக்கொண்டு போனபோது அவராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.